பேட் வாங்கப் போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

மாவட்டப் போட்டிக்குத் தேர்வாகிவிட்டதாக எழுதியிருந்தாய். மனம் நிறைந்தது. பள்ளியின் பழைய ரெடிமேட் பேட்டை வைத்துக்கொண்டே குறுவட்டத்தில் ஜெயித்திருக்கிறாய். இப்போது வீட்டில் பணம் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். எந்த பேட் வாங்கலாம் என்று கேட்கிறாய். கூட ஆடும் பையன்கள் கார்பன் என்கிறார்கள், கடைக்காரர் ஒன்று சொல்கிறார், செல்போனில் வேறு ஒன்று சொல்கிறார்கள் என்று குழம்பியும் இருக்கிறாய். செஞ்சியில் டேபிள் டென்னிஸ் ஆடும் மற்றப் பிள்ளைகளுக்கும் இதே குழப்பம் இருக்கும் என்பதால் பதிலைப் பொதுக் கடிதமாகவே எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ சரியாக அடித்தால் பந்து மேசையில் விழ வேண்டும். தப்பாக அடித்தால் எங்கே தப்பு என்று உன் கைக்குத் தெரிய வேண்டும். இந்த இரண்டையும் செய்கிற பேட்தான் வளரும் ஆட்டக்காரருக்கு நல்ல பேட். வேகம் பிறகு வரும், உன் காலிலிருந்தும் இடுப்பிலிருந்தும் வரும்.

வேகமான பேட்டின் மயக்கம் புதிதல்ல. 1952-இல் பம்பாயில் உலக டேபிள் டென்னிஸ் போட்டி நடந்தது. ஆசியாவில் நடந்த முதல் உலகப் போட்டி அதுதான். அதுவரை பெரும்பாலும் எல்லோரும் புள்ளி புள்ளியாக முனைகள் கொண்ட மெல்லிய ரப்பர் பேட்டில்தான் ஆடினார்கள். டொக் டொக் என்ற சத்தத்தை வைத்தே எதிராளியின் அடியைக் கணிப்பார்கள். ஜப்பானின் ஹிரோஜி சாட்டோ தடித்த ஸ்பாஞ்ச் ஒட்டிய பேட்டோடு வந்தார். அவர் அடித்தால் சத்தமே எழவில்லை. பந்தும் எதிர்பாராத வேகத்தில் போனது. ஐரோப்பாவின் பெரிய ஆட்டக்காரர்கள் திணறினார்கள், பட்டம் சாட்டோவுக்குப் போனது. ஆனால் அதன் பிறகு அவர் உலகப் பட்டத்தை மீண்டும் வெல்லவில்லை. மற்றவர்களும் ஸ்பாஞ்சுக்குப் பழகிக்கொண்டார்கள். 1959-இல் விதியும் வந்தது: ரப்பரும் ஸ்பாஞ்சும் சேர்ந்து 4 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. இன்றும் அதே அளவுதான். பேட் தரும் அதிர்ச்சிக்கு ஆயுள் குறைவு. கற்றுக்கொண்ட அடிதான் கூடவே வரும்.

இதற்கு நம் சென்னையிலேயே சாட்சி உண்டு. சரத் கமல் 2003-இல் முதல் தேசியப் பட்டத்தை வென்றார். 2008-இல் ரப்பரை வேகமாக்கிய பழைய பசைகளுக்குத் தடை வந்தது. 2014-இல் செல்லுலாய்டு பந்து போய் பிளாஸ்டிக் பந்து வந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் பேட்டின் குணமும் பந்தின் சுழலும் மாறின. இத்தனைக்கும் நடுவில் சரத் பத்து முறை தேசியச் சாம்பியன் ஆனார். 2022-இல் பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் நாற்பது வயதில் ஒற்றையர் தங்கம் வாங்கினார். சிறு வயதில் அப்பாவிடமும் அப்பாவின் சகோதரரிடமும் கற்ற அடிப்படை எந்தப் பசைக்கும் எந்தப் பந்துக்கும் கட்டுப்படாமல் நின்றது. நீ வாங்கும் பேட் அப்படிப்பட்ட அடிப்படையை உனக்குக் கட்டித்தர வேண்டும்.

இனி கடைக்குப் போவோம். நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது ரப்பர் ஒட்டியே வரும் ரெடிமேட் பேட். தொடங்குகிறவருக்கு அது போதும், உனக்கு இனிப் போதாது. அதன் ரப்பரில் பிடிப்பு சீக்கிரம் போய்விடும். தேய்ந்தால் ரப்பரை மட்டும் மாற்றுவதும் சிரமம். ப்ளேடை, அதாவது பேட்டின் மரப் பகுதியை, தனியாகவும் ரப்பர்களைத் தனியாகவும் வாங்கி ஒட்டிக்கொள். சென்னைக்கு வந்து, கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் இறங்கி மின்சார ரயில் பிடித்தால், பெரியமேட்டில் நேரு ஸ்டேடியம் பக்கத்தில் விளையாட்டுச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ப்ளேடைக் கையில் பிடித்துப் பார்க்க விடும் கடையாகத் தேர்ந்தெடு.

ப்ளேடில் முதலில் பார்க்க வேண்டியது ஓரம். வெளிச்சத்தில் பிடித்து ஓரத்தைப் பார்த்தால் மர அடுக்குகள் கோடு கோடாகத் தெரியும். ஐந்து கோடுகள், எல்லாம் மரம் என்றால் உனக்கு ஏற்றது. நடுவே நூல் போல ஒரு கறுப்புக் கோடு ஓடினால் அதுதான் பையன்கள் சொல்லும் கார்பன். விதிப்படி ப்ளேடின் தடிமனில் குறைந்தது 85 சதவீதம் இயற்கை மரமாக இருக்க வேண்டும். கார்பன் போன்ற நார் கலந்த ஓர் அடுக்கு 0.35 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அந்த மெல்லிய அடுக்கே ப்ளேடை விறைப்பாக்கிப் பந்தைச் சட்டென்று உதறிவிடும். பேட்டில் பந்து படும் நேரம் ஏறக்குறைய ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்தக் கணத்தில் பந்து ரப்பருக்குள் அமுங்கியதா, வழுக்கியதா என்ற செய்தி மரத்தின் அதிர்வாகத்தான் உள்ளங்கைக்கு வருகிறது. ஐந்தடுக்கு மரம் அதைத் தெளிவாகச் சொல்லும். உனக்கு இப்போது அந்தச் செய்தி வேகத்தைவிட முக்கியம்.

ப்ளேடின் மேல் ஆல்ரவுண்ட், ஆஃபென்சிவ் என்று அதன் வேக வகை எழுதியிருக்கும். நீ ஆல்ரவுண்டையோ, ஆஃபென்சிவ் மைனஸையோ எடு. ஸ்டிகாவின் ஆல்ரவுண்ட் கிளாசிக் போன்ற ப்ளேடில் கற்றுக்கொண்டு பெரிய ஆட்டக்காரர் ஆனவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். நம் நாட்டில் மீரட்டின் ஸ்டாக் நிறுவனமும் மர ப்ளேடுகள் செய்கிறது. கையில் பிடித்து நன்றாக இருந்தால் தயங்காமல் வாங்கு.

கைப்பிடியில் அவசரப்படாதே. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் ப்ளேடின் கழுத்து இடைவெளியில்லாமல் உட்கார வேண்டும். மற்ற மூன்று விரல்களும் பிடியைச் சுற்றித் தளர்வாக மூட வேண்டும். பிடி தடிமனாக இருந்தால் உன்னையறியாமல் இறுக்கிப் பிடிப்பாய், மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும், சர்வீஸில் சுழலே வராது. அடிப்பக்கம் சற்று விரிந்த ஃப்ளேர்டு பிடி பெரும்பாலோருக்குப் பொருந்தும். ப்ளேடின் எடை 80-லிருந்து 88 கிராமுக்குள் இருக்கட்டும். இரண்டு ரப்பரும் ஒட்டியபின் மொத்தம் 175 கிராமைத் தாண்டினால் மூன்றாவது மேட்சில் தோள் சொல்லிவிடும்.

அடுத்தது ரப்பர். இரு பக்கமும் வழவழப்பான, உட்பக்கம் முனைகள் கொண்ட சாதாரண ரப்பரே வாங்கு. ஸ்பாஞ்ச் தடிமன் ஃபோர்ஹேண்டுக்கு 2.0 மில்லிமீட்டர், பேக்ஹேண்டுக்கு 1.8 போதும். பட்டர்ஃப்ளையின் ஸ்ரைவர் 1967-இலும், யசாக்காவின் மார்க் ஃபைவ் 1969-இலும் வந்தவை; இன்றும் பயிற்சியாளர்கள் சிபாரிசு செய்கிறார்கள். அடித்த அளவுக்குத்தான் பதில் தரும் ரப்பர்கள் அவை. டெனர்ஜி போன்ற வேக ரப்பர்களில் ஒன்றே ஐயாயிரம் ரூபாயைத் தாண்டும். அரைகுறை அடியையும் அது பறக்கவிடும், உன் தப்பு உனக்கே தெரியாமல் போகும். கடையில் உறையைப் பிரித்ததும் சுத்தமான விரலால் ரப்பரை மெல்ல இழுத்துப் பார். தோல் வழுக்காமல் பிடித்து நிற்க வேண்டும். கைப்பிடி ஓரத்தில் சர்வதேச டேபிள் டென்னிஸ் சம்மேளனத்தின் முத்திரையும் எண்ணும் அச்சாகியிருக்கிறதா பார். அது இல்லாத ரப்பரை மாநிலப் போட்டியில் நடுவர் மறுத்துவிடலாம். ஒரு பக்கம் கறுப்பு கட்டாயம். மறுபக்கம் சிவப்பு வாங்கினால் எங்கும் சிக்கல் இல்லை.

வெளிப்பக்கம் நீண்ட முனைகள் கொண்ட லாங் பிம்பிள்ஸ் ரப்பர் பற்றியும் கேட்டிருந்தாய். மணிகா பத்ரா பேக்ஹேண்டில் அதை வைத்துத்தான் 2018 காமன்வெல்த்தில் ஒற்றையர் தங்கம் வென்றார். 2024-இல் புசானில் ஐஹிகா முகர்ஜி சுழல் பிடிக்காத ஆன்டி-ஸ்பின் ரப்பரோடு உலகின் முதல்நிலை வீராங்கனை சுன் யிங்ஷாவை வீழ்த்தியதும் உனக்குத் தெரியும். உண்மைதான். ஆனால் அந்த ரப்பர்கள் எதிராளியின் சுழலைத் திருப்பி அனுப்புபவை. நீ சுழல் உண்டாக்கக் கற்றுத்தருபவை அல்ல. சுழலை நீயே உண்டாக்கவும் படிக்கவும் தெரிந்த பிறகு, தினமும் உன் ஆட்டத்தைப் பார்க்கும் பயிற்சியாளர் சொன்னால் மட்டும் அதைத் தொடு. அதுவரை ஒன்று செய். மேட்ச் தொடங்கும் முன் எதிராளியின் பேட்டை வாங்கிப் பார்க்க விதியே உனக்கு உரிமை தருகிறது. எந்தப் பக்கம் எந்த நிறம், எது முனைகள் உள்ளது என்று ஒவ்வொரு மேட்சிலும் பார். கேட்பதற்குக் கூச்சப்படாதே.

பணக் கணக்கையும் சொல்ல வேண்டும். கையில் இருப்பதில் பாதி ப்ளேடுக்கு, பாதி இரண்டு ரப்பருக்கும் பசைக்கும். ஏறக்குறைய ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரத்துக்குள் உனக்குத் தேவையானது அமையும். அதற்கு மேல் பணம் மிஞ்சினால் நல்ல பந்துகள் ஒரு டஜன் வாங்கு. தனியாகச் சர்வீஸ் பழக அவைதான் வேண்டும். பணம் குறைந்தால் பழகிய ப்ளேடை யாரிடமாவது வாங்கலாம். ஓரம் உடையாமல், அடுக்கு பிரியாமல் இருந்தால் மரம் பல வருடம் உழைக்கும். பழைய ரப்பரை மட்டும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதே.

வாங்கியதும் இந்தச் சோதனையைச் செய். எதிரில் ஒருவரை நிற்க வைத்து, பாதி பலத்தில் ஃபோர்ஹேண்ட் ஆடு; பந்து மேசைக்கு வெளியே ஓடிக்கொண்டே இருந்தால் பேட் உனக்கு வேகம் அதிகம். பிறகு கனமான பேக் ஸ்பின் போடச் சொல்லிக் குட்டையாக புஷ் செய்து பார்; பந்து எழும்பி நீளமாகப் போனாலும் அதே குறைதான். கடைசியாகத் தனியாக பேக் ஸ்பின் சர்வீஸ் போடு. பந்து எதிர்ப்பக்கம் விழுந்து வலையை நோக்கித் திரும்பி வந்தால் ரப்பரும் உன் மணிக்கட்டும் சேர்ந்து வேலை செய்கின்றன என்று அர்த்தம்.

செஞ்சியின் வெயில் உனக்குத் தெரியும். சித்திரை, வைகாசியில் பாறைகள் பகல் முழுக்கக் குடித்த சூட்டை இரவிலும் விடும். ரப்பருக்கு அந்தச் சூடு எமன். வண்டிப் பெட்டியிலும் தகரக் கூரைக்குக் கீழும் பேட்டை வைக்காதே. ஆடி முடித்ததும் ஈரப் பஞ்சால் ஒரே திசையில் துடை; சோப்பு வேண்டாம். காய்ந்த பிறகு மெல்லிய பிளாஸ்டிக் தாளை மேலே ஒட்டி உறைக்குள் வை. ஆடிக் காற்றில் பறக்கும் புழுதி ரப்பரில் படிந்தால் பிடிப்பு பாதியாகிவிடும், ஆட்டத்தின் நடுவிலும் துடைக்கத் தயங்காதே. தினமும் ஆடினால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் ரப்பரின் நடுப்பகுதி பளபளக்கத் தொடங்கும். அப்போது முதலில் ஃபோர்ஹேண்ட் ரப்பரை மட்டும் மாற்று. இரண்டையும் ப்ளேடையும் ஒன்றாக மாற்றினால் எது உன் அடியைக் கெடுத்தது, எது திருத்தியது என்று கண்டுபிடிக்க முடியாது.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். வாங்கிய ப்ளேடை இரண்டு வருடம் மாற்றாதே. தோற்ற அன்று பேட்டின் மேல் பழி போடத் தோன்றும், யாராவது புதிய பெயர் ஒன்றைச் சொல்லி ஆசை காட்டுவார்கள். அன்று கடைக்குப் போகாமல் மேசைக்குப் போ. மாவட்டப் போட்டி முடிந்ததும் எழுது; வெற்றி தோல்வியோடு, எந்த அடி இந்த பேட்டில் உனக்குப் புதிதாகப் பிடிபட்டது என்பதையும் எழுது.

வாழ்த்துகளோடு,
உன் அண்ணன்