காசநோய் பரம்பரை வியாதியா?

விம்கோ நகரிலிருந்து ஓர் அம்மா தன் மகனை அழைத்து வந்திருந்தார். "இவங்க அப்பாவுக்கு டி.பி. இருந்துச்சுங்க ஐயா. இப்ப இவன் சளியிலயும் கிருமி இருக்குன்னுட்டாங்க. பரம்பரை வியாதின்னு பொண்ணு வீட்ல கல்யாணத்தையே நிறுத்திடுவாங்க. ஆஸ்பத்திரி மாத்திரை சாப்பிட்டா வெளியே தெரிஞ்சுடும். உங்க சூரணமே போதாதா?" என்றார்.

இதே சந்தேகம் உங்களில் பலருக்கும் இருக்கலாம். காசநோய் பரம்பரை வியாதி அல்ல. நோயாளி இருமும்போது காற்றில் பரவும் கிருமியால் வருவது. பரம்பரையாக வருவது, அந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தியில் உள்ள ஏற்றத்தாழ்வுதான்.

மூச்சோடு வரும் தூசியை மூக்கிலுள்ள முடியும் சளியும் பிடித்துக்கொள்கின்றன. மூச்சுக்குழாயின் நுண்ணிய மயிரிழைகள் அதை மேலே தள்ளிவிடுகின்றன. அதையும் தாண்டி நுரையீரலின் காற்றறைக்குள் போகும் கிருமியை அங்கே காவல் இருக்கும் செல்கள் விழுங்கும். அழிக்க முடியாவிட்டால், வெள்ளணுக்கள் சூழ்ந்து சிறை வைத்துவிடும். அதனால்தான் கிருமி தொற்றிய 100 பேரில் 5 முதல் 10 பேருக்கே வாழ்நாளில் நோய் வருகிறது.

கிருமியை வெள்ளணுவுக்கு அடையாளம் காட்டும் எச்.எல்.ஏ. மரபணுக்கள் ஆளுக்கு ஆள் மாறும். அவற்றில் டி.ஆர்.2 என்ற வகை நோயாளிகளிடம் அதிகம் இருப்பதை மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1991-ல் எழுதினார்கள். ஆனாலும் அந்த வகை உள்ள எல்லோருக்கும் நோய் வந்துவிடுவதில்லை.

மரபணு நம் கையில் இல்லை. மற்றவை நம் கையில்தான் இருக்கின்றன. பீடி, சிகரெட், விறகடுப்புப் புகை மயிரிழைகளை முடக்கும். சர்க்கரை நோயும் அரைவயிற்றுச் சாப்பாடும் காவலைத் தளர்த்தும். 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டில் நோயாளிகளின் வீட்டாருக்குக் கூடுதல் உணவு கொடுத்துப் பார்த்தார்கள். அந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது!

அந்த அம்மாவிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். ஆடாதோடை இருமலைத் தணிக்கும். காசநோய்க் கிருமியைக் கொல்ல ஆஸ்பத்திரி மாத்திரைதான் வேண்டும். சாதாரண வகைக்கு 6 மாதம். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். இருமல் நின்றுவிட்டதே என்று நடுவில் விட்டால், மருந்துக்கு மசியாத கிருமி உருவாகும். வீட்டில் உள்ளவர்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை அவசியம்.

1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வு ஒன்று உண்டு. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களின் குடும்பத்தாருக்கு, சானடோரியத்தில் சேர்ந்தவர்களின் குடும்பத்தாரைவிட அதிகமாக நோய் வரவில்லை.

ஆகவே, மருந்து சாப்பிடுகிறவரைக் கண்டு பயப்படாதீர்கள். நோயை மறைப்பதுதான் குடும்பத்துக்கு ஆபத்து.