சரிவே இல்லாத பேராறு!



அமேசான் என்றதும் நம்மில் பலருக்கு அனகோண்டாவும் பிரானா மீனும்தான் ஞாபகத்துக்கு வரும். எல்லாம் சினிமா செய்த வேலை! சிவில் படிக்கிற எனக்கோ அந்த ஆற்றில் பெரிய ஆச்சரியம் அதன் சரிவுதான். அதைப் புரிந்துகொண்டால் அங்குள்ள மீன், மனிதன், அணைக்கட்டு எல்லாமே புரிந்துவிடும்.

ஒரு சின்னக் கணக்கு

அமேசானின் நீளம் ஏறத்தாழ 6400 கி.மீ. பெரு நாட்டின் ஆண்டீஸ் மலையில் பிறந்து, பிரேசில் வழியாக ஓடி, அட்லாண்டிக் கடலில் கலக்கிறது. பெருவில் இகிடோஸ் என்று ஒரு நகரம். கடலிலிருந்து ஆற்று வழியே சுமார் 3600 கி.மீ. உள்ளே இருக்கிறது. ஆனால் கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் சுமார் 100 மீட்டர்தான்! வகுத்துப் பாருங்கள். கிலோமீட்டருக்கு 3 சென்டிமீட்டர் சரிவுகூட இல்லை. லெவலிங் ஸ்டாஃபில் இரண்டு விரல் அகலம், அவ்வளவுதான்!

அப்புறம் தண்ணீர் எப்படி ஓடுகிறது? மேனிங் சூத்திரம் படித்தவர்களுக்கு விடை தெரியும். சரிவு குறைந்தாலும் ஆழம் அதை ஈடுகட்டும். விநாடிக்குச் சராசரியாக 2 லட்சம் கன மீட்டர் நீரைக் கடலில் கொட்டுகிறது இந்த ஆறு. உலக ஆறுகள் கடலில் சேர்க்கும் நீரில் இது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. கடலில் ஓடும் கப்பல்கள் இகிடோஸ் வரை போகின்றன என்றால் ஆழத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்!

வெள்ளமே வாழ்க்கை

சரிவு இல்லாத இடத்தில் மழைநீர் சட்டென்று வடியாது. மேலே ஏறும், காட்டுக்குள் பரவும். பிரேசிலின் மனாஸ் துறைமுகத்தில் ஆண்டுதோறும் நீர்மட்டம் சராசரியாக 10 மீட்டர் ஏறி இறங்குகிறது. மூன்று மாடி உயரம்! அதனால் அங்கே கப்பல் துறையே மிதக்கிறது. 1902 முதல் அங்கே நீர்மட்டம் குறித்து வருகிறார்கள். அந்தக் கணக்கில் 2021-இல் 30 மீட்டரைத் தாண்டி உச்சம் தொட்ட ஆறு, 2024-இல் 13 மீட்டருக்கும் கீழே இறங்கி, இல்லாத அளவுக்கு வற்றியது.

மாதக்கணக்கில் காடு தண்ணீரில் நிற்கும்போது தம்பாகி என்ற மீன் மரங்களுக்கு இடையே நீந்தி, விழுகிற பழங்களைத் தின்று, விதைகளைத் தூரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இளஞ்சிவப்பு டால்பின் கழுத்தைத் திருப்பித் திருப்பி மரங்களுக்குள் மீன் தேடுகிறது. கரையோர மக்கள் கால்நட்ட வீடுகளிலும் மிதக்கும் வீடுகளிலும் குடியிருக்கிறார்கள். நீர் இறங்கியதும் வண்டலில் மரவள்ளி நடுகிறார்கள். வெள்ளம் அவர்களுக்கு ஆபத்து மட்டுமல்ல, எருவும்கூட.

பால்பினா சொல்லும் பாடம்

இப்படிப்பட்ட தட்டை நிலத்தில் அணை கட்டினால் என்ன ஆகும்? மனாஸுக்கு மின்சாரம் தருவதற்காக உவாதுமா என்ற கிளையாற்றில் பால்பினா அணையைக் கட்டி, 1987-இல் மதகுகளை மூடினார்கள். 2300 சதுர கி.மீ.க்கு மேல் காடு மூழ்கியது. கிடைத்த மின் திறனோ 250 மெகாவாட்! பிரேசில்-பராகுவே எல்லையில், பரானா ஆற்றிலுள்ள இத்தாய்ப்பு அணையைப் பாருங்கள். நீர்ப்பரப்பு 1350 சதுர கி.மீ., திறன் 14,000 மெகாவாட். காரணம் என்ன? இத்தாய்ப்பில் நீர் விழும் உயரம் சுமார் 118 மீட்டர். பால்பினாவில் 20 மீட்டர் சொச்சம். உயரம் இல்லாத இடத்தில் நீர் அகலமாகத்தான் பரவும். மூழ்கிய மரங்கள் அழுகி மீத்தேன் வேறு கிளம்பியது.

அந்த நீருக்குள் போனது காடு மட்டுமா? வைமிரி-அத்ரோரி பழங்குடியினரின் கிராமங்களும் போயின. அதற்கு முன்பே, 1970-களில், அவர்கள் நிலத்தைப் பிளந்து நெடுஞ்சாலை போட்டிருந்தார்கள். நோயாலும் வன்முறையாலும் 1980-களில் அந்த மக்கள் 400 பேருக்கும் கீழே குறைந்துபோனார்கள். பிறகு அவர்கள் நிலத்துக்குச் சட்டப்படி எல்லை வகுக்கப்பட்டது. இன்று அவர்கள் 2000 பேரைத் தாண்டிவிட்டார்கள். நிலம் கையில் இருந்தால் ஓர் இனம் மீண்டும் துளிர்க்கும் என்பதற்கு அவர்களே சாட்சி!

நண்பர்களே, பால்பினாவைக் கட்டியவர்களுக்கு நாம் படிக்கிற சூத்திரம் தெரியாமலில்லை. நாளை நம்மில் யாரோ ஒருவர் ஏதோ ஓர் ஆற்றங்கரையில் லெவல் எடுக்கப் போவோம். ரீடிங் குறிக்கும் நோட்டில், "நீர் எதுவரை ஏறும்?" என்பதற்குப் பக்கத்திலேயே "அதுவரை யார் யார் இருக்கிறார்கள்?" என்றும் ஒரு வரி எழுதுவோமே!