கொடுவாத் தூண்டில் சரக்கு: கடைக்காரர் அறிய வேண்டியவை

மளிகையோடு சில்லறைச் சாமானும் வைத்திருக்கும் நம் சங்க உறுப்பினர்கள் பலர் கொஞ்ச காலமாக எங்களிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் பையன்கள் ராடு இருக்கிறதா, ரீல் இருக்கிறதா என்று வந்து நிற்கிறார்கள். வாங்கி வைக்கலாமா? எதை வாங்குவது?" என்பதே அது. இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை கடலோரச் சாலையில் கடை வைத்திருக்கும் எவருக்கும் இந்தக் கேள்வி நியாயமானதுதான். முன்பு தூண்டில் என்றால் மீனவர் சாமான். இப்போது கம்பெனி வேலைக்குப் போகிறவரும், கல்லூரி மாணவரும் வார விடுமுறையில் பாறைமேல் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறோம்.

நாங்கள் கயிறு, நைலான் நூல், தூண்டில் முள் மொத்த வியாபாரத்தில் நாற்பது ஆண்டுகளாக இருக்கிறோம். ஆனாலும் ராடு, ரீல் விஷயத்தில் ஒரு முறை நன்றாக ஏமாந்தோம். அதிலிருந்தே தொடங்குவது உறுப்பினர்களுக்குப் பயன்படும்.

ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் இறக்குமதி வியாபாரி எங்களிடம் "செட்" கொண்டு வந்தார். ஒரே பெட்டியில் ராடு, ரீல், நரம்பு, பத்துப் பொய் இரை எல்லாம் இருந்தன. பெட்டியின் மேல் வாயைப் பிளந்துகொண்டு துள்ளும் பச்சை மீன் படம், அதன் கீழ் "பாஸ்" என்ற எழுத்து. விலை மலிவு. ஐந்து டஜன் எடுத்தோம். தெரிந்த சில்லறைக் கடைகளுக்குக் கடனில் பிரித்துக் கொடுத்தோம். திருவொற்றியூரில் ஒரு கடைக்காரர் தயங்கினார். நாங்கள் சொன்ன சொல்லுக்காக ஒரு டஜன் எடுத்தார். மூன்றாவது வாரம் ஏழு பெட்டிகளைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் கடை வாசலில் வந்து நின்றார். "அண்ணாச்சி, ரெண்டு ஞாயித்துக்கிழமைக்குள்ள ரீல் சுத்தவே மாட்டேங்குது. முள்ளு நிமிர்ந்து போச்சு. வாங்கினவன் தெருவுல நின்னு சத்தம் போடுறான். உங்க பேச்சை நம்பித்தானே எடுத்தேன்" என்றார். சரக்கைத் திருப்பி எடுத்துக்கொண்டோம். ஆனால் அதன் பிறகு அவர் கயிறு வாங்கக்கூட எங்களிடம் வரவில்லை.

நடந்தது என்னவென்று பிறகுதான் புரிந்தது. பெட்டியில் இருந்த படம் அமெரிக்க ஏரிகளில் வாழும் பாஸ் மீன். அது நன்னீர் மீன். அதற்கென்று செய்த ரீலில் உப்புக் காற்று பட்டால் உள்ளே இருக்கும் பேரிங் துருப்பிடிக்கும். அதன் முள் மெல்லியது. நம் கழிமுகத்தில் பையன்கள் தேடிப் போவதோ கொடுவா. ஆங்கிலத்தில் இதையும் "சீ பாஸ்" என்கிறார்கள். பெயரில்தான் உறவு, குடும்பம் வேறு. ஆகவே கொள்முதலுக்கு முன் பெட்டியில் பார்க்க வேண்டியது "உப்புநீருக்கு ஏற்றது" என்ற குறிப்பு. மீன் படத்தைப் பார்த்து வாங்கக்கூடாது.

கொடுவாவைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் சரக்கு தேர்வது எளிது. கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகம், அங்கிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாகப் பழவேற்காடு வரை உள்ள உவர்நீர், இதெல்லாம் அதன் இடம். முட்டையிடக் கடல் பக்கம் போகும், குஞ்சுகள் உள்நீருக்கு வந்து வளரும். இன்னொரு வியப்பு, முதலில் ஆணாக இருந்து சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும். பெரிய மீன் பெரும்பாலும் பெண்ணாக இருப்பது அதனால்தான். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-இல் இதைப் பண்ணையில் இனப்பெருக்கம் செய்ய வைத்தது. வியாபாரிக்கு வேண்டிய செய்தி வேறு. கொடுவா பாலத் தூண், கண்டல் வேர், பாறை இவற்றின் ஓரம் பதுங்கி நிற்கும். நீர் ஏறி இறங்கும் வேளையில் பாய்ந்து கவ்வும். அதன் வாய் அரம்போல் சொரசொரப்பு, செவுள் மூடியின் விளிம்பு கத்திபோல் இருக்கும். மாட்டிய உடனே தூணைச் சுற்றி ஓடும். ராடு, ரீல், நரம்பு, முள் நான்கும் இந்த ஓட்டத்தைத் தாங்க வேண்டும்.

முதலில் ராடு. கண்ணாடி இழை, கார்பன் என்று இரண்டு வகை. கண்ணாடி இழை கொஞ்சம் கனம், ஆனால் முரட்டுக் கைக்குத் தாங்கும், விலையும் குறைவு. கார்பன் லேசானது. இரை தொடுவது கைக்கு உடனே தெரியும். ஆனால் பாறையில் அடிபட்டால் ஒடியும். புதியவருக்குக் கண்ணாடி இழையே போதும். ராடின் அடியில் மூன்று விவரம் அச்சிட்டிருக்கும்: நீளம், தாங்கும் இரையின் எடை, ஏற்ற நரம்பின் பவுண்டு. கழிமுகத்துக்கு 7 அடி, 10 முதல் 30 கிராம் இரை, 12 முதல் 25 பவுண்டு நரம்பு என்று இருந்தால் கொடுவாவுக்குச் சரி. கடலோரப் பாறையிலிருந்து ஈயம் கட்டி வீசுபவருக்கு 10 முதல் 12 அடி வேண்டும். சிலவற்றில் கிராமுக்குப் பதில் அவுன்ஸ் போட்டிருப்பார்கள். ஒரு அவுன்ஸ் ஏறக்குறைய 28 கிராம்.

கார்பன் ராடு விற்கும்போது ஒரு வார்த்தை கட்டாயம் சொல்லி விற்க வேண்டும். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். எண்ணூரில் கழிமுகத்துக்கு மேலேயே உயர் அழுத்த மின்கம்பிகள் போகின்றன. கம்பிக்குக் கீழே நின்று ராடைத் தூக்கி வீசக்கூடாது, இடி மின்னலில் ராடைக் கையில் பிடிக்கக்கூடாது. நனைந்த ராடு எந்த வகையானாலும் ஆபத்துதான். லாபம் எவ்வளவு வந்தாலும் இந்தச் சொல்லை விழுங்கிக்கொண்டு விற்கக்கூடாது என்பது எங்கள் கடைக் கட்டுப்பாடு.

ரீலில் எண் பெரிதானால் அளவு பெரிது. கழிமுகத்துக்கு 3000 அல்லது 4000, பாறைக்கு 5000, 6000. பெட்டியில் "12 பேரிங்" என்று போட்டிருந்தால் மயங்க வேண்டாம். மட்டமான பன்னிரண்டைவிடத் துருப்பிடிக்காத நான்கு மேல். கடையிலேயே சோதிக்கலாம். கைப்பிடியை மெதுவாகச் சுற்றினால் கரகரப்பு இருக்கக்கூடாது. கைப்பிடியை ஆட்டினால் தளர்வு தெரியக்கூடாது. முன்பக்கத் திருகைப் பாதி இறுக்கி நரம்பை இழுத்தால் வெட்டி வெட்டி வராமல் சீராக வர வேண்டும். அந்தத் திருகுதான் மீன் ஓடும்போது நரம்பை விட்டுக்கொடுப்பது. அது சிக்கினால் நரம்பு அறும். வாங்குபவரிடம், வீட்டுக்குப் போனதும் திருகை இறுக்கிவிட்டு நல்ல தண்ணீரை லேசாகத் தெளித்துத் துடைக்கவும், காய்ந்ததும் திருகைத் தளர்த்தி வைக்கவும் சொல்லுங்கள். குழாயைத் திறந்து பீய்ச்சினால் உப்பு உள்ளே போய்விடும். இதைச் சொல்லத் தொடங்கிய பிறகு எங்களுக்குத் திரும்பி வரும் ரீல் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது.

இனி நரம்பு. சாதாரண நைலான் நரம்பு இழுபடும், அதனால் புதியவரின் முரட்டு இழுப்பைப் பொறுக்கும். 15 முதல் 20 பவுண்டு கழிமுகத்துக்குப் போதும். பின்னல் நரம்பு அதே பலத்துக்கு மிக மெல்லியது, தூரம் போகும், ஆனால் சிப்பி ஒட்டிய தூணில் உரசினால் உடனே அறும். எதை வாங்கினாலும் முனையில் இரண்டு மூன்று அடிக்கு 40 பவுண்டுத் தடித்த நரம்பு முடிந்தால்தான் கொடுவாவின் செவுளுக்குத் தாக்குப்பிடிக்கும். இந்த முனை நரம்பைத் தனியாகச் சிறு சுருளில் விற்கலாம். நன்றாகப் போகும். நரம்புச் சுருளை அழகுக்காகக் கடை முகப்பில் தொங்கவிடாதீர்கள். வெயில் பட்டால் பார்வைக்குத் தெரியாமலே பலம் போகும்.

நரம்பு விற்பதில் இன்னொன்றும் உண்டு. முள் கேட்காமல், ஈயம் கேட்காமல், நரம்பு மட்டும் கேட்டு வரும் சிறுவர்களுக்கு நாங்கள் கொடுப்பதில்லை. பட்டத்துக்கு மாஞ்சா போடத்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் நைலான் மாஞ்சாவுக்கு நாடு முழுவதும் தடை விதித்தது. அதற்குப் பிறகும், 2019 நவம்பரில் கொருக்குப்பேட்டையில் தந்தையோடு வண்டியில் போன மூன்று வயதுக் குழந்தை மாஞ்சா கழுத்தை அறுத்து இறந்தது. நம் பேட்டையில் நடந்தது. ஐம்பது ரூபாய் வியாபாரத்துக்கு அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்.

முள்ளில் எண் குழப்பம் பெரிது. 10, 8, 6, 4 என்று எண் குறையக் குறைய முள் பெரிதாகும். 1-க்குப் பிறகு 1/0, 2/0, 3/0 என்று எண் கூடக் கூடப் பெரிதாகும். ஒரு முறை போனில் "ஆறாம் நம்பர் முள் பத்து டப்பா" என்று ஆர்டர் வந்தது. கேட்டது 6/0, நாங்கள் அனுப்பியது 6. கிழங்கான் பிடிக்கும் முள்ளை வைத்துக்கொண்டு அவர் கொடுவா வாடிக்கையாளரிடம் என்ன சொல்வார்? அன்றிலிருந்து "சைபர் போட்டதா, போடாததா" என்று கேட்டே எழுதுகிறோம். கிழங்கானுக்குச் சின்ன எண் முள், கெளுத்திக்கும் இறால் கோத்த கொடுவாத் தூண்டிலுக்கும் 2/0 முதல் 5/0. பழுப்பு நிற முள் உப்புநீரில் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஈயப் பூச்சு வெள்ளை முள்ளே நமக்கு ஏற்றது.

பொய் இரை என்று நாங்கள் சொல்வதைப் பையன்கள் "லூர்" என்று கேட்பார்கள். பின்லாந்தில் லாரி ரபாலா என்ற மீனவர் 1936-இல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றும் ஈயத்தாளை மேலே ஒட்டிச் செய்ததிலிருந்து வளர்ந்த பெரிய வியாபாரம் இன்று உலகம் முழுவதும் நடக்கிறது. காயம்பட்ட மீன் தள்ளாடுவதைப் போல அது நீந்தியதுதான் ரகசியம். கொடுவாவுக்கு 9 முதல் 12 சென்டிமீட்டர் மீன் வடிவக் கட்டை இரை, 10 முதல் 20 கிராம் ஈயத்தலை முள்ளில் மாட்டும் ரப்பர் மீன், ரப்பர் இறால், இந்த மூன்றும் போதும். கலங்கல் தண்ணீருக்கு மஞ்சள், ஆரஞ்சு போன்ற பளிச்சென்ற நிறம், தெளிந்த நீருக்கு வெள்ளி நிறம். இருபது நிறம் வாங்கி அடுக்கினால் பதினாறு நிறம் கடையிலேயே கிடக்கும். ரப்பர் இரையை அதன் பாக்கெட்டிலேயே வையுங்கள். வேறு பிளாஸ்டிக் டப்பாவில் கலந்து போட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். மடவை பிடிக்க லூர் கேட்பவரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். அது பாசியும் சேற்றில் உள்ளதும் தின்னும் மீன், லூருக்கு வராது. கொடுவாவுக்கும் உயிருள்ள இறாலுக்கு மேல் எந்த இரையும் இல்லை என்று எண்ணூர் மீனவர் சொல்வார். அவர் சொல்வதை நாங்கள் மறுப்பதில்லை.

கணக்குக்கு வருவோம். ராடும் ரீலும் வாங்கியவர் இரண்டு ஆண்டு திரும்ப வாங்க மாட்டார். அதில் முதல் முடங்கும். ஆனால் கடலரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுப் பாறைகள் இருக்கின்றனவே, அவை ஒவ்வொரு ஞாயிறும் முள்ளையும் ஈயத்தையும் விழுங்கும். திங்கட்கிழமை கல்லாவில் நிற்பது அந்தக் காசுதான். ஆகவே முதலில் போட வேண்டிய பணம் முள், ஈயம், முனை நரம்பில். மளிகைக் கடைக்காரர் ஈயத்தைப் பருப்புத் தராசில் நிறுக்கக்கூடாது. ஈயம் நஞ்சு. கிராம் போட்ட பாக்கெட்டாக வாங்கித் தனி டப்பாவில் வைத்து, தொட்ட கையைக் கழுவிய பிறகே அரிசியைத் தொடுங்கள். பிள்ளைகள் கைக்கு எட்டவும் வைக்க வேண்டாம்.

பருவமும் பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த நாட்களில் சின்னப் படகுக்காரர் தூண்டிலும் வலையுமாகப் போவார், முள் கூடுதலாகப் போகும். மழை மாதங்களில் கடனுக்குச் சரக்கு எடுக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகம் முழுக்கப் படர்ந்தது. படகும் வலையும் கறுத்துப்போயின. மீனவர் தொழிலுக்குப் போகவில்லை, பிடித்த மீனையும் யாரும் வாங்கவில்லை. எங்கள் சின்னக் கடை வாடிக்கையாளர்கள் பலரிடம் தூண்டில் பாக்கியை நாங்கள் அந்தத் தை மாதம் கேட்கவே இல்லை. கேட்க வாயும் வரவில்லை. கழிமுகம் கெட்டால் மீனவருக்கு அடுத்தபடியாக அடி விழுவது அவரிடம் அரிசி, பருப்பு விற்கும் நமக்கே.

சென்ற ஆண்டு ஆடி கழிந்து ஒரு நாள், அந்தத் திருவொற்றியூர்க் கடைக்காரர் மறுபடி எங்கள் கடைக்கு வந்தார். செட் எதையும் தொடவில்லை. 7 அடி கண்ணாடி இழை ராடு இரண்டு, 4000 ரீல் இரண்டு, ஒவ்வொன்றையும் அவரே சுற்றிப் பார்த்து எடுத்தார். 20 பவுண்டு நரம்பு ஆறு சுருள், 40 பவுண்டு முனை நரம்பு ஒரு டஜன், வெள்ளை முள் நான்கு அளவில், ஈயம் பத்துக் கிலோ பாக்கெட்டாக, ரப்பர் இறால் ஒரு டஜன். பில் போடும்போது "சைபர் போட்ட முள்ளு அண்ணாச்சி, பார்த்து எழுதுங்க" என்றார். பணத்தை ரொக்கமாகக் கொடுத்தார்.