கோமாளி மீன் தெரியுமா?



சிட்லபாக்கம் பகுதிக் கூட்டங்களில் "வண்ண மீன் வளர்க்கக் கடன் எடுக்கலாமா?" என்று பலர் கேட்கிறீர்கள். அதிலும் கோமாளி மீன் மேல்தான் ஆசை அதிகம். முதலில் அதைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

தோற்றம்: 2003-ல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்தில் பார்த்தோமே, ஆரஞ்சு உடம்பில் மூன்று வெள்ளைப் பட்டை, அதுதான். நம்ம மன்னார் வளைகுடாவில் இருக்கும் செபே வகைக்குக் கரும்பழுப்பு உடம்பு, இரண்டு வெள்ளைப் பட்டை, மஞ்சள் வால்.

வீடு: பவளப்பாறைப் பகுதியில் உள்ள கடல் சாமந்திதான் இதன் வீடு. பெயர் பூ என்றாலும் அது ஓர் உயிரினம். மற்ற மீன்கள் தொட்டால் கொட்டிவிடும். கோமாளி மீனை அதன் உடம்பிலுள்ள வழவழப்பு காப்பாற்றுகிறது. பதிலுக்கு, சாமந்தியைக் கடிக்க வரும் மீன்களை இது விரட்டுகிறது.

குடும்பம்: இந்த வீட்டில் தலைவி பெண்தான்! பெரிய மீன் பெண், அடுத்தது ஆண், மற்றவை முட்டைக்குத் தயாராகாத சிறியவை. தலைவி இறந்தால் அந்த ஆணே பெண்ணாக மாறிவிடும். சிறியவற்றில் பெரியது புது ஆணாகும்.

இனப்பெருக்கம்: சாமந்தி ஓரமாகப் பாறையைச் சுத்தம் செய்து, நூற்றுக்கணக்கில் முட்டையிடும். ஆண் மீன் துடுப்பால் விசிறி, கெட்ட முட்டைகளை நீக்கிக் காவல் காக்கும். சுமார் ஒரு வாரத்தில், இருட்டிய பிறகு குஞ்சு பொரியும்.

இப்போது யோசியுங்கள். அழகாக இருக்கிறதென்று பெரிய மீனைப் பிடித்து விற்றால், அடுத்தது பெண்ணாக மாறும் வரை அந்த வீட்டில் முட்டை கிடையாது. சாமந்தியையே பெயர்த்தால் குடும்பமே போச்சு.

அதனால்தான் மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையம் போன்ற இடங்களில் தொட்டியிலேயே இதைப் பெருக்கும் முறையை உருவாக்கினார்கள். தொட்டியில் எதிரி இல்லாததால் சாமந்தி இல்லாமலும் வாழும்; ஓட்டுத் துண்டிலும் முட்டையிடும். ஆனால் முதல் இரண்டு வாரம்தான் கண்டம். குஞ்சுக்கு ரோட்டிபர் என்ற மிக நுண்ணிய உயிரை நாமே வளர்த்து ஊட்ட வேண்டும். உப்புநீர் வேண்டும், காற்று மோட்டார் நிற்கவே கூடாது.

எனவே நாங்கள் சொல்வது: பயிற்சி இல்லாமல் இதற்குக் குழுக் கடன் எடுக்காதீர்கள். நல்ல தண்ணீரில் வாழ்ந்து குஞ்சாகவே ஈனும் கப்பி, மோலியில் கை பழகுங்கள்.

கூட்டத்தில் பேச:
1. கோமாளி மீன் வாங்கும்போது "பண்ணையில் பிறந்ததா, கடலில் பிடித்ததா?" என்று கேட்போமா?
2. இரவில் கரண்ட் போனால் தொட்டியை யார் பார்ப்பது?