கணக்கும் தாளமும்: பியானோ கலைஞர் விஜய் ஐயர்



"பாட்டு சோறு போடுமா? ஒழுங்கா கணக்கைப் படி" என்று எங்கள் பதினொன்றாம் வகுப்பில் பலருக்கு வீட்டில் சொல்லுவாங்க. எனக்கும்தான். இரண்டையும் விடாத ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

விஜய் ஐயர் 1971-இல் அமெரிக்காவின் ஆல்பனி நகரில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தார். மூன்று வயதில் வயலின் கற்கத் தொடங்கினார். பியானோவைப் பெரும்பாலும் காதால் கேட்டே பழகினார். யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்தார். பெர்க்லியில் இயற்பியல் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவரை ஜாஸ் இசை இழுத்துக்கொண்டது. ஆனாலும் படிப்பை விடவில்லை. மனமும் உடம்பும் தாளத்தை எப்படி உணர்கின்றன என்று ஆராய்ந்து 1998-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

ஜாஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்கள் உருவாக்கிய இசை. மேடையிலேயே புதிதாகக் கற்பனை செய்து வாசிப்பதுதான் அதன் உயிர். நம்ம கச்சேரியில் வரும் தனி ஆவர்த்தனம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவருடைய முதல் இசைத்தட்டு 'மெமரோஃபிலியா' (1995). 2009-இல் வந்த 'ஹிஸ்டாரிசிட்டி' கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. 'தீர்த்தா' (2011) இசைத்தட்டில் கிதார் பிரசன்னா, தபலா நிதின் மித்தா ஆகியோருடன் வாசித்தார். 2014-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். 2024-இல் 'கம்பாஷன்' வெளிவந்தது.

இனி பாடத்துக்கு வருவோம். 3, 5, 8, 13, 21 என்ற ஃபிபனோசி எண்கள் நமக்குத் தெரியும். 'ஹிஸ்டாரிசிட்டி'யில் ஒரு பாட்டின் தாளத்தை 5:3, 8:5, 13:8 என்று இந்த எண்களாலேயே அமைத்தார். வகுத்துப் பாருங்க: 1.67, 1.6, 1.625. மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் தாளம் நீண்டாலும் 'நெடில்-குறில்' நடை மாறாது. நீங்களும் எட்டு எண்ணி, 1-லும் 6-லும் மட்டும் கை தட்டுங்க. அடுத்து பதின்மூன்று எண்ணி, 1-லும் 9-லும் தட்டுங்க. காதுக்கே புரியும்!

இது நமக்கு அந்நியம் இல்லை. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு ஏற்றிய மான்பூண்டியா பிள்ளையும், அவர் சீடர் தட்சிணாமூர்த்திப் பிள்ளையும் நம்ம புதுக்கோட்டைக்காரர்கள். மிருதங்க வித்வான்கள் தாள அமைப்பைச் சொல்லும் வார்த்தையே 'கணக்கு'தான்.

ஆகவே நண்பர்களே, வீட்டில் கேட்டால் ஹார்வர்டு வரை போக வேண்டாம். ஒரு கஞ்சிராவைக் காட்டுங்கள். அதுவும் கணக்குப் பாடம்தான்!