ஈரல் கணக்கு ஏறி நிற்பது ஏன்?



இரத்தப் பரிசோதனைச் சீட்டில் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றுடன் ஈரலின் கணக்கும் வருகிறது. அதில் ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. என்னும் இரண்டும் உயர்ந்திருந்தால், "குடிப்பழக்கம் உண்டா?" என்று டாக்டர் கேட்பார். மதுவைத் தொட்டறியாத நம்மவருக்கு அக்கேள்வி சுருக்கென்று தைக்கும். சிலர் வெட்கப்பட்டு, சீட்டை மடித்துக் கல்லாப் பெட்டியின் அடியில் போட்டுவிடுகின்றனர். இது தவறு. டாக்டர் எல்லாரிடமும் கேட்கும் கேள்வி அது. குடி ஒரு காரணம். வேறு காரணங்கள் பல உண்டு.

இவை யாவை?

இவ்விரண்டும் ஈரலின் உயிரணுக்களுக்குள் இருந்து வேலை செய்யும் நொதிகள். கிடங்கில் மூட்டை கிழிந்தால் அரிசி தரையில் சிந்துவதுபோல, உயிரணு கெட்டால் இவை இரத்தத்தில் கலக்கின்றன. தசையிலும் இவை உண்டு; ஆகையால் பாரம் சுமந்த மறுநாள் சற்றுக் கூடியிருக்கலாம். ஆறு மாதமாகியும் இறங்காவிடில் காரணத்தைக் கண்டறிந்தே தீர வேண்டும்.

முக்கிய காரணங்கள்

1. ஈரலில் கொழுப்பு: இன்று மிகுதியாகக் காணப்படுவது இதுவே. நாள் முழுதும் கல்லாவில் அமர்ந்து, இனிப்பான தே தாரிக் பல கோப்பை அருந்தி, கடையடைத்தபின் வயிறு நிறைய உண்டு படுப்பவருக்கும், தொந்தி, நீரிழிவு உள்ளவருக்கும் இது எளிதில் வரும். வலி இராது. கவனியாது விட்டால் சிலருக்கு நாளடைவில் ஈரல் இறுகிப்போகும். எடையில் நூற்றுக்கு 7 முதல் 10 பங்கு குறைத்தால் பெரும்பாலும் ஈரல் தேறும். 90 கிலோ உள்ளவர் 7 முதல் 9 கிலோ குறைத்தால் போதும்.

2. பி, சி வைரஸ்கள்: பச்சிளங் குழந்தைகள் அனைவருக்கும் பி தடுப்பூசி போடும் வழக்கம் சிங்கப்பூரில் 1987இலும் மலேசியாவில் 1989இலும் தொடங்கிற்று. அதற்கு முன் பிறந்தவர் ஒரு முறையேனும் சோதித்துக்கொள்வது நலம். இரத்தத்தாலும், தாயிடமிருந்து பிள்ளைக்கும், தாம்பத்தியத்தாலும், ஒரே சவரக் கத்தியாலும் பரவும். ஒரே தட்டில் உண்பதால் பரவாது. ஆகவே நோயாளியை ஒதுக்கலாகாது. பி வைரஸை மாத்திரையால் அடக்கி வைக்கலாம். சி வைரஸைப் பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரையிலேயே ஒழித்துவிடலாம்.

3. மருந்துகள்: காசநோய் மாத்திரை, அளவு மீறிய பாராசிட்டமால், சில ஜாமு, லேகியம், பெயர்ச்சீட்டில்லாத குளிகைகள் ஆகியவை ஈரலைக் கெடுக்கலாம். ஆயினும் டாக்டர் கொடுத்த மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

4. ஏனையவை: உடலில் இரும்பு அல்லது செம்பு மிகுதல், தைராய்டுக் கோளாறு, உடலின் எதிர்ப்புச் சக்தியே ஈரலைத் தாக்குதல்.

செய்ய வேண்டியவை

மஞ்சள் காமாலை கண்டால்தான் ஈரல் நோய் என்று எண்ணாதீர்கள். கண் மஞ்சளாகுமுன்பே பல ஆண்டு சேதம் நடந்திருக்கக்கூடும். பழைய சீட்டுகளையும், உட்கொள்ளும் மருந்து, ஜாமு அனைத்தையும் டாக்டர் முன் வையுங்கள். பி, சி சோதனையும், ஈரலைப் படம் பிடிக்கும் ஸ்கேனும் தேவையா என்று கேளுங்கள். குடித்ததுண்டெனில் அதையும் மறைக்க வேண்டாம். டாக்டரிடம் சொன்னது வெளியே போகாது.

கடையில் ஒரு வெள்ளி குறைந்தால் இரவு முழுதும் பேரேட்டைப் புரட்டுகிறோம். ஈரலின் கணக்கு ஆறு மாதம் தவறி நின்றால், அதற்கு ஒரு காலைப் பொழுதையாவது ஒதுக்குவோமாக.