பின்னோக்கிப் பாயும் நீர்

ஆற்று நீர் மேட்டிலிருந்து பள்ளம் நோக்கிப் பாயும். குழாய்க்குள் இருக்கும் நீரோ அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து அழுத்தம் குறைந்த இடத்திற்குச் செல்லும். அழுத்தம் மாறினால் நீர் செல்லும் திசையும் மாறும். வீட்டிற்குள் வந்த நீர், வந்த வழியே திரும்பித் தெருக்குழாய்க்குள் போகவும் கூடும். இதனைப் பின்னோட்டம் என்பர். போகும் நீர் தூயதாக இருந்தால் தீங்கில்லை. அழுக்கையும் நஞ்சையும் உடன் கொண்டு போனால் அது ஊருக்கே கேடாக முடியும்.

தில்லி கற்ற பாடம்

நீர் திசை மாறினால் என்ன நேரும் என்பதைத் தில்லி மாநகரம் 1955ஆம் ஆண்டில் அறிந்தது. யமுனைக் கரையிலுள்ள வசீராபாத்தில் நகரின் குடிநீருக்காக ஆற்று நீர் எடுக்கப்படுகிறது. அவ்விடத்திற்குச் சற்றுக் கீழே நஜஃப்கர் வாய்க்கால் கழிவுநீரைக் கொண்டுவந்து ஆற்றில் சேர்க்கிறது. அவ்வாண்டு வெள்ளம் வடிந்தபின் ஆறு தன் போக்கை மாற்றிக்கொண்டது. நீர் எடுக்கும் பக்கத்தில் ஓட்டம் குறைந்தது. அதனால் நவம்பர் மாதத்தில் வாய்க்காலின் கழிவுநீர் கீழ்நோக்கிச் செல்லாமல், மேல்நோக்கித் திரும்பி, குடிநீர் எடுக்கும் இடத்தை அடைந்தது.

பணியாளர்கள் இதனைக் கண்டு குளோரினை மிகுதியாகக் கலந்தனர். பாக்டீரியாக்கள் பெரும்பாலும் அழிந்தன. வைரசு முழுவதும் அழியவில்லை. சில வாரங்கள் கழித்து, டிசம்பரிலும் அடுத்த சனவரியிலும் நகரெங்கும் மஞ்சள் காமாலை பரவியது. ஏறத்தாழ 29,000 பேர் அந்நோய்க்கு ஆளாயினர். கருவுற்ற பெண்கள் மிகுதியாகத் துன்புற்றனர். அந்நோய் ஹெபடைடிஸ் இ என்னும் வகையைச் சேர்ந்தது என்பது பல ஆண்டுகளுக்குப் பின்னரே தெளிவாயிற்று.

தில்லியில் திரும்பியது திறந்த வாய்க்கால். மூடிய குழாய்களிலும் இத்தகைய கேடு நேர்ந்ததுண்டு. 1933ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் உலகக் கண்காட்சி நடைபெற்றது. அப்போது விடுதிக் கட்டடங்களில் கழிவுநீர் குடிநீர்க் குழாய்களுக்குள் புகுந்தது. சீதபேதி பரவி 98 பேர் உயிரிழந்தனர்.

தோட்டத்தில் மறைந்திருக்கும் இடர்

புல்தரைக்கு நீர் தெளிக்கும் ஒரு வீட்டைக் கருதுவோம். தெளிப்பான்களின் முனைகள் மண்ணோடு ஒட்டியிருக்கின்றன. அவற்றைச் சுற்றிச் சேறும் உரமும் பூச்சிமருந்தும் தேங்கியுள்ளன. அவ்வேளையில் தெருவில் பெரிய குழாய் உடைகிறது; அல்லது நீர் வழங்கல் நிறுத்தப்படுகிறது; அல்லது பக்கத்து வீட்டார் தெருக்குழாயில் நேரடியாக மோட்டார் பொருத்தி நீரை இழுக்கின்றனர். தெருக்குழாயில் அழுத்தம் சட்டெனக் குறைகிறது. உறிஞ்சு குழலில் பானம் ஏறுவதுபோலத் தோட்டத்துச் சேற்றுநீர் குழாய்க்குள் இழுக்கப்படுகிறது. நீர் மீண்டும் வரும்போது அந்த அழுக்கு யாருடைய குவளையை அடையும் என்று கூற இயலாது. உரம் கரைத்த வாளியில் ரப்பர் குழாயின் முனை மூழ்கிக் கிடந்தாலும் இதுவே நிகழும்.

சைபன் தடுப்பு வால்வு

இதனைத் தடுக்கப் பயன்படுவது சைபன் தடுப்பு வால்வு ஆகும். இதன் உள்ளே ஒரு சிறு மிதவை உள்ளது. நீர் அழுத்தத்துடன் வரும்போது மிதவை மேலெழுந்து, தலைப்பகுதியிலுள்ள காற்றுத் துளையை மூடுகிறது. நீர் தெளிப்பானுக்குச் செல்கிறது. அழுத்தம் குறைந்தவுடன் மிதவை கீழே விழுகிறது. காற்றுத் துளை திறக்கிறது. வெளிக்காற்று உள்ளே புகுவதால் உறிஞ்சும் ஆற்றல் அறுபடுகிறது. சேற்றுநீர் பின்னோக்கி ஏறுவதில்லை.

பொருத்தும் முறை

1. தெருக்குழாயிலிருந்து வரும் நீரை முதலில் அடைக்க வேண்டும்.
2. குழாயில் சிறிது நீரை ஓடவிட்டு மணலையும் துகள்களையும் வெளியேற்ற வேண்டும்.
3. வால்வின்மேல் உள்ள அம்புக்குறி, நீர் செல்லும் திசையைக் காட்டுமாறு நிறுத்த வேண்டும்.
4. மிக உயரத்திலுள்ள தெளிப்பானைவிடக் குறைந்தது 15 செ.மீ. மேலே வால்வு அமைய வேண்டும். தாழ்வாக இருந்தால், மேலுள்ள குழாயின் நீர் திரும்பி வந்து மிதவையைத் தூக்கிக் காற்றுத் துளையை அடைத்துவிடும்.
5. இந்த வால்வைத் தாண்டியபின் வேறு அடைப்பு வால்வு எதுவும் இருத்தலாகாது. இருந்தால், அதனை மூடும்போது மிதவை நெடுநேரம் மேலேயே அழுந்தியிருந்து ஒட்டிக்கொள்ளும்.
6. மரைகளில் டெஃப்லான் நாடா சுற்றி இறுக்கியபின், நீரைத் திறந்து கசிவு உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

பேணும் முறை

நீர் ஓடும்போது வால்வின் தலையிலிருந்து தொடர்ந்து நீர் வழிந்தால் மிதவையில் துகள் சிக்கியுள்ளது என்று பொருள். நீரை நிறுத்தி, மூடியைக் கழற்றி, மிதவையைக் கழுவ வேண்டும். கடின நீர் வரும் வீடுகளில் வெண்ணிற உப்புப் படிவு உண்டாகும்; அதனையும் அகற்ற வேண்டும். ரப்பர் வளையம் வெடித்திருந்தால் புதியதை மாற்ற வேண்டும். காற்றுத் துளையை வண்ணம் பூசியோ மண்ணால் மூடியோ அடைத்தலாகாது. துளை அடைபட்ட வால்வு இருந்தும் இல்லாததே ஆகும்.

வால்வு வாங்காமலேயே பின்னோட்டத்தைத் தடுக்க ஒரு வழி உண்டு. குழாயின் வாய்க்கும் வாளியின் விளிம்புக்கும் இடையே இடைவெளி விடுவதே அது. காற்றை மட்டுமே இழுக்கும் குழாய், அழுக்கு நீரை இழுக்க முடியாது. வாளியில் மூழ்கிய குழாயை வெளியே எடுத்து வைத்தலைச் சிறுவரும் செய்யலாம். அச்சிறு செயல், முகம் அறியாத அண்டை வீட்டாரின் குடிநீரையும் காக்கும்.

சொற்பொருள்

பின்னோட்டம் – வந்த வழியே திரும்பி ஓடுதல்
இடர் – துன்பம், தீங்கு
மிதவை – நீரில் மிதக்கும் பொருள்
மரை – திருகி இறுக்குவதற்கான சுற்று வரி
பேணுதல் – காத்தல்

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. குழாயில் நீர் செல்லும் திசையை முடிவு செய்வது எது?
2. 1955ஆம் ஆண்டில் கழிவுநீர் குடிநீர் எடுக்கும் இடத்தை அடைந்தது ஏன்?
3. அழுத்தம் குறையும்போது வால்வினுள் நிகழ்வது யாது?

ஆ. எதிர்ச்சொல் எழுதுக.
மேடு, தூய்மை, திறத்தல், மிகுதி

இ. செய்து பார்க்க.
வீட்டிலோ பள்ளியிலோ உள்ள குழாய்களைப் பார்வையிடுக. முனை நீரில் மூழ்கிய குழாய் ஏதேனும் உள்ளதா? கண்டதை ஐந்து தொடர்களில் எழுதுக.